விரலகலப் பட்டை

ஆபீசில் அவனுக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவன் செய்யும் வேலைக்கு அது பட்டம் மாதிரி. கம்ப்யூட்டர் சிப்செட்டில் இருக்கும் கிராஃபிக்ஸுக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் புரோகிராம், எழுதுகிறவன் அவன். இதைக் கேள்விப்பட்ட மாமா ஒருவர், "லாரிக்கா, பஸ்ஸுக்கா?" என்று விசாரித்தாராம். அவனுடைய அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் அவன் வேலை அக்காவுக்கு மட்டும்தான் புரியும். புரிகிற வரை ஆளை விடமாட்டாள். அவன் அவளுக்குச் சொன்னது இது: படம் வரைகிற கிராஃபிக்ஸுக்குத் தன் மெமரி முழுவதும் ஒரே நீளமாக, வரிசையாக இருப்பதாக நினைப்பு. உண்மையில் அது துண்டு துண்டாக, எங்கே காலியோ அங்கெல்லாம் சிதறிக் கிடக்கும். நடுவில் ஒரு அட்டவணை இருந்துகொண்டு, நீ கேட்கிற துண்டு நிஜத்தில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று விலாசம் மாற்றிக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் அட்டவணையைப் புரட்டினால் நேரமாகும். அதனால் சமீபத்திய பதில்களைச் சிப் தன் கைவசம் வைத்துக்கொள்ளும். வினை அங்கேதான். அட்டவணையை மாற்றினால், பழைய பதிலை மறந்துவிடு என்று சிப்பிடம் சொல்லியாக வேண்டும். சொல்ல மறந்தால், அது நல்ல பிள்ளையாகப் பழைய விலாசத்துக்கே போய், அங்கே கிடப்பதை அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

"அப்போ தப்புன்னு ஏதாவது காட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

"காட்டாதுக்கா. பளிச்சுனு படம் வரும். ஆனா வேற யாரோடதாவது இருக்கும்."

"ஐயோ, கேக்கவே பயமா இருக்கேடா."

"எனக்கும்தான்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் யாரும் தப்பிக்க முடியாத தப்பு அது. ஆபீசில் வைத்துச் சோதித்தால் பிடிபடாது, அவசரமில்லாத சோதனையில் பழைய பதில்கள் தாமாகவே வெளியேறிவிடும். வேவு பார்க்கப் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாலோ, வேகம் குறைந்து, தப்பு ஒளிந்துகொள்ளும். வேலை நெருக்கடியில், முன்பின் தெரியாத ஏதோ ஒரு திரையில்தான் தலைகாட்டும். எந்தத் திரையில் என்ற கேள்விதான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது. பாவம், சினிமாவுக்குப் போனாலும் மனுஷன் கதையை விட்டுவிட்டுத் திரையின் ஓரத்தைத்தான் பார்ப்பான்.

அக்காவின் நுரையீரலில் கட்டி வந்தது. மருந்து ஏற்றி ஏற்றித் தலைமுடி கொட்டி, பாதி ஆளாகிவிட்டாள். ஸ்கேன் முடிவு தெரியும் நாளில் அவனும் கூடப் போனான். டாக்டரம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"கட்டி இருந்த இடமே தெரியல. சுத்தமா இருக்கு. மருந்தை நிறுத்திடலாம்."

"கேட்டியாடா!" அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். உடனே போனை எடுத்துக் கணவரிடம், "சரியாயிடுச்சுங்க, எல்லாம் சரியாயிடுச்சு" என்று சிரிப்பும் அழுகையுமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தான்.

படத்தின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. மேலிருந்து வளைந்து வந்த விலா எலும்பு அங்கே மயிரிழை விலகி, பட்டையைத் தாண்டியதும் மறுபடி தன் வழிக்கு வந்தது. பட்டையின் இரண்டு விளிம்பும் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. மனுஷ உடம்பில் ஏது அப்படிக் கோடு? கட்டி இருந்த இடம் சரியாக அந்தப் பட்டைக்குள் இருந்தது.

அணைத்துப் போட்டால் சிப் பழைய பதிலையெல்லாம் மறந்துவிடும். பேசாமல் இருந்தால் அக்கா இப்படியே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் அவனால் நினைக்க முடியவில்லை. பக்கத்தில் அக்கா சாயங்காலம் கடைக்குப் போவதைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், இந்த கம்ப்யூட்டரை ஒருதடவை அணைச்சுப் போட முடியுமா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். பிறகு திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்து பார்த்தார். மறுக்காமல் கம்ப்யூட்டரை அணைத்தார். அதுதான் அவனுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

திரை கறுத்தது. அக்கா போனை வைத்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"பொய் சொன்னா உனக்குக் காது செவந்துடும்டா."

கம்ப்யூட்டர் நிதானமாக உயிர் பெற்றது. அது வரைக்கும் அவன் தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான். பட்டை பிரமையாக இருக்கட்டும், நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டான். படம் வந்தது. விலா எலும்பு பிசிறில்லாமல் வளைந்து இறங்கியது. அதன் கீழே வெள்ளையாக, உருண்டையாக ஒரு புள்ளி.

"இருக்கு," என்றார் டாக்டரம்மா. "முன்ன விடச் சின்னதாயிருக்கு, மருந்து கேக்குது. நிறுத்தக் கூடாது. நிறுத்தியிருந்தா..."

தன் சந்தேகம் பலித்ததற்காக அவன் அழுதது அன்றுதான். அக்கா அழவில்லை. திரையையே வெறித்துப் பார்த்தாள்.

"டேய், முதல்ல பார்த்தோமே, அந்தச் சுத்தமான படம் யாரோடது?"

"நடுவுல ஒரு பட்டை மட்டும் உனக்கு முன்னாடி வந்த யாரோடதாவது இருக்கும்க்கா."

அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு எத்தனை பேரைச் சுத்தமா இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்க டாக்டர்?"

டாக்டரம்மா போனை எடுத்து, அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்.