வெள்ளைக் கையுறைக்காரரின் நாக்கு

உணவகங்களின் சமையலறைக்குள் அவர் நுழைந்தால், அடுப்படியில் நிற்பவர்கள் முதலில் பார்ப்பது அவருடைய முகத்தை அன்று, வலது கையை. சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் துணிக் கையுறை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு நிதானமாக மாட்டிக்கொள்வார். பிறகு அலமாரியின் மேல்தட்டில், யாருடைய துடைப்புத் துணியும் எட்டிப் பார்த்திராத மூலையில், ஆட்காட்டி விரலை ஒரு சாண் தூரம் ஓட்டுவார். ஓட்டிய விரலை, ஒரு வார்த்தையும் பேசாமல், தலைமைச் சமையற்காரரின் மூக்குக்கு நேரே நீட்டுவார். பிறகு, ஏழு நாளில் சரிசெய்யவேண்டும் என்று குறையை எழுதிக் கொடுப்பார். இருபத்தாறு ஆண்டுகளாக நகரசபையின் சுகாதார ஆய்வாளராக இருந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பயன்பட்டது. ஊருக்கு அவர் கையுறைக்காரர்தான்.

சொல்லிவிட்டுப் போகிற ஆய்வு ஆய்வே அன்று என்பது அவருடைய கொள்கை. சொல்லிவிட்டுப் போனால் நாம் காண்பது சமையலறையை அன்று, அது நமக்காகப் போட்டுக்கொண்ட வேஷத்தை என்பார். குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டை அவர் கதைப்புத்தகம் படிப்பதுபோல் ஆசையாகப் படிப்பார். காலையும் மாலையும் பார்த்து எழுதவேண்டிய அந்த ஏட்டில் ஒரே மையும், ஒரே சாய்வும், ஒரே அழுத்தமும் தென்பட்டால், மாதம் முழுவதையும் ஒரே உட்காரலில் எழுதித் தீர்த்திருக்கிறார்கள் என்று பொருள். “முப்பது நாளா மை தீராம எழுதுதே, இந்தப் பேனாவை எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று மட்டும் கேட்பார். எதிரே நிற்பவர்கள் அநேகமாக எல்லாரும் அதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். இப்போதுதான் எழுதலாம் என்று இருந்தார்களாம்.

இத்தனை கறாரான மனிதருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது. முதலில் இடது கண்ணின் ஓரத்தில் ரம்பப்பல் போன்ற ஒரு மினுமினுப்பு தோன்றும். அரைமணி கழித்து, அந்தப் பக்கத்து நெற்றிப்பொட்டில் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து சுத்தியலால் தட்டத் தொடங்குவார்கள். வெளிச்சம் ஆகாது, பாத்திரச் சத்தம் ஆகாது, வெங்காயம் வதங்கும் வாசனை அறவே ஆகாது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அவருக்கு உத்தியோகம் வாய்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், பெரிய உணவகம் ஒன்றின் குளிரறைக்குள் சோதனைக்குப் போனவர் வெளியே வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்தவர்கள், காய்கறிப் பெட்டியின்மேல் கண்ணை மூடி உட்கார்ந்தபடி, நெற்றியில் ஒரு முட்டைக்கோஸை வைத்து அழுத்திக்கொண்டிருந்த அதிகாரியைக் கண்டார்கள். மனிதத் தோல் பட்ட அந்த முட்டைக்கோஸைக் குப்பையில் போடவேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

செய்தி மேலதிகாரிக்குப் போயிற்று. அவர் கையுறைக்காரரைவிடப் பதினைந்து வயது இளையவர். அக்கறையாகத்தான் பேசினார். ஆவண அறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வாசனை இல்லை, சத்தம் இல்லை, வெயில் இல்லை என்றார். கையுறைக்காரர் அந்த அறையை அறிவார். அங்கே விரலை ஓட்டினால் எங்கும் தூசி வரும், ஆனால் நீட்டிக் காட்ட எதிரே ஆள் இருக்காது. கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மூன்று மாதம் கிடைத்தது. அதற்குள் வேலை நேரத்தில் மூன்று முறை தலைவலி வந்துவிட்டால் ஆவண அறை. எந்தச் சிகிச்சை எடுத்தாலும் அதன் குறிப்பேட்டை மூன்றாம் மாத முடிவில் மேலதிகாரியிடம் காட்டவேண்டும்.

குடும்ப டாக்டர் ஏற்கெனவே எல்லாச் சோதனையும் பார்த்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்திருந்தார். அதற்குமேல் வழி காட்டியவர் மனைவி. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஆக, அந்த வீட்டில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு பேர். சீன மருத்துவமும் அதன் ஊசிச் சிகிச்சையும் முறையாகப் படித்த ஒரு பெண் மருத்துவரின் துண்டறிக்கை அவரிடம் திருத்தத்துக்கு வந்திருந்தது. நோய் தீரும் என்று எங்கும் அடித்துச் சொல்லாமல், “சிலருக்குக் குறையலாம்” என்று எழுதியிருந்த அந்த அடக்கம் மனைவிக்குப் பிடித்துப்போயிற்று.

கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது சிகிச்சை அறை. கையுறைக்காரர் நோயாளியாக நுழைந்தாலும் ஆய்வாளராகத்தான் நடந்தார். ஊசி உறைகளின் காலாவதித் தேதியைப் பார்த்தார். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பாவின் மூடியை ஆட்டிப் பார்த்தார். டாக்டர் திரும்பியிருந்த சமயத்தில் திரைச்சீலைக் கம்பியில் விரலை ஓட்டினார். விரல் சுத்தமாக வந்ததும் அவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

டாக்டர் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். பிறகு, தங்கள் நூல்களின் கணக்கில் இது கல்லீரலில் ஏறிய சூடு என்றார். கையுறைக்காரர் புண்பட்டுப் போனார்.

“நான் குடிக்கிறதே இல்லையேம்மா.”

“தெரியுது சார். அது எங்க பாஷை. உங்க ஈரலை யாரும் குறை சொல்லல” என்று சமாதானம் சொல்லிவிட்டு, நாக்கை நீட்டச் சொன்னார்.

நீட்டினார். அதுபோல் ஒரு நாக்கை அந்த டாக்டர் பார்த்ததில்லை. கழுவித் துடைத்த பீங்கான் தட்டுபோல் இருந்தது. நாக்கின்மேல் படியும் பூச்சைப் பார்த்துத்தான் அவர்கள் பாதியைத் தெரிந்துகொள்வார்கள். அங்கே பார்க்க ஏதுமில்லை. வழிக்க வேண்டாம் என்று அடுத்த முறைக்குச் சொல்லியனுப்பினார். மூன்று மாதத்துக்குத் தலைவலிக் குறிப்பேடு ஒன்றும் கொடுத்தார். எந்த நாள், எத்தனை மணி, என்ன சாப்பிட்டது, எங்கே இருந்தபோது வந்தது என்று அன்றன்றைக்கு எழுதவேண்டும். குடும்ப டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது.

ஊசி குத்துவது கொசுக்கடி அளவுகூட இல்லை. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று, பிடரியில் இரண்டு, நெற்றிப்பொட்டில் ஒன்று, காலில் சில. உள்ளே ஒரு மந்தமான கனம் பரவும், அவ்வளவுதான். கொடுமையானது, அதன்பின் ஊசிகளோடு அசையாமல் கிடக்கவேண்டிய அரைமணி நேரம். விரலை ஓட்டமுடியாமல் படுத்திருந்தவருக்குக் கூரையின் மூலையில் ஒரு சிலந்தி நூல் தெரிந்தது. அது ஒன்றுதான் அன்று அவருக்குக் கிடைத்த ஆறுதல்.

ஒவ்வொரு வியாழனும் போனார். ஒவ்வொரு வியாழனும் நாக்கு பளபளத்தது. வழிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. அழுக்கு நாக்கை ஒரு பெண்மணி முன்னால் நீட்டுவதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. குறிப்பேடோ அச்சடித்ததுபோல் இருந்தது. ஞாயிறு மாலை, வீட்டில், லேசான பாரம். அடுத்த ஞாயிறு மாலை, வீட்டில், இன்னும் லேசான பாரம். வேலை நேரத்தில் வந்த இரண்டு பெரிய தலைவலிகளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. ஒன்றை ஒரு பேக்கரியின் கழிவறையிலும் மற்றொன்றை நிறுத்திய காருக்குள்ளும் யாருக்கும் தெரியாமல் கழித்திருந்தார். குறிப்பேடு மேலதிகாரி கைக்குப் போகிற ஏடு அல்லவா?

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஏடு குணமாகிறது என்றது, கண்ணுக்கடியில் இருந்த கருமையோ குணமாகவில்லை என்றது. ஆறாம் வாரம் மனைவிக்குத் தொலைபேசினார். இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கையுறைக்காரருக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அழைப்புமணி அடித்தது. நடைப்பயிற்சிக் காலணியோடு டாக்டர் உள்ளே வந்தார். பின்கட்டிலிருந்து கையுறைக்காரர் ஒரு கையில் பல்துலக்கியும் மறு கையில் நாக்கு வழிப்பானுமாக வந்து, கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

“வாயில ஏதாவது வச்சீங்களா சார்?”

“இல்ல, இப்பதான்...”

“நல்லது. ரெண்டையும் கீழ வைங்க. ஆ காட்டுங்க.”

சன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். ஆறு வாரமாக ஊமையாக இருந்த நாக்கு அன்றைக்கு நிறையப் பேசியது போலும். ஓரத்தில் சிவப்பு, நடுவில் மஞ்சள் பூச்சு, வறட்சி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு குறிப்பேட்டைக் கேட்டார். மனைவி அதை முன்பே எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். வியாழனுக்குப் பின் ஒரு வரிகூட இல்லை. டாக்டர் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம்.

“இந்த வாரம் ஒண்ணும் எழுதலையே சார்?”

“இப்பதான் எழுதலாம்னு இருந்தேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதில் அது விழுந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக எத்தனையோ சமையலறைகளில் கேட்ட வாக்கியம் தன் வாயிலிருந்தே வந்திருந்தது. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார்.

“பேனா எந்தக் கடைங்க?” என்று மட்டும் சன்னலைப் பார்த்தபடியே மனைவி கேட்டார்.

அன்று முதல் அவர் உள்ளதை எழுதினார். விட்டுப்போன தலைவலிகளை, வேலை நேரத்தில் வந்த அந்த இரண்டு உட்பட, அவற்றுக்கு உரிய தேதியில், தாமதமாக எழுதப்பட்டது என்ற குறிப்போடு சேர்த்தார். இரண்டு வாரத்தில் ஏடு காபிக்கறையும் கிறுக்கலுமாக, நம்பும்படியான ஏடாகிவிட்டது. டாக்டர் உண்மையான நாக்குக்கு ஏற்ப ஊசியின் இடங்களை மாற்றினார். மனைவி, தொழில் பழக்கத்தில் சிவப்பு மையை எடுத்து, “என்ன சாப்பிட்டது” என்ற கட்டங்களில் வட்டம் போட்டார். தலைவலி வந்த பெரும்பாலான நாளும் ஆய்வு நாள், வந்த நேரம் அநேகமாக வேலை முடிந்த மாலை. அந்த நாட்களில் காலை ஏழுக்குப் பிறகு அந்தக் கட்டம் வெறுமை. எந்தச் சமையலறையின் லட்சணமும் தெரிந்தவராதலால், வெளியே அவர் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை. டப்பாவில் சாப்பாடு எடுத்துப் போங்கள் என்று மனைவி கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவருகிறார். ஆய்வாளர் அடுத்தவன் சமையலறையில் டப்பாவைத் திறப்பது கௌரவக்குறைவு என்பது அவர் கட்சி.

டப்பா போகத் தொடங்கியது. முன்பு மாதம் எட்டு ஒன்பது முறை வந்தது மூன்றாம் மாதத்தில் மூன்றாகக் குறைந்தது. ஊசியா, டப்பாவா, வாரம் ஒரு அரைமணி யாரையும் குறை சொல்லாமல் படுத்திருந்ததா, எது காரணம் என்று கேட்டதற்கு, தனியாகப் பிரித்துச் சொல்லத் தன்னால் முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதிலையும் கையுறைக்காரர் ஏட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனால் அந்த மூன்றில் ஒன்று வேலை நேரத்தில் வந்தது. பழைய இரண்டோடு அது மூன்றாவது.

குறித்த நாளில் ஏட்டை மேலதிகாரியின் மேசைமேல் வைத்தார். அவர் பக்கம் பக்கமாகப் படித்து, விரல்விட்டு எண்ணினார்.

“மூணு ஆயிடுச்சே சார்.”

“ஆமா.”

“முதல் ரெண்டும் யாருக்கும் தெரியாது. நீங்க எழுதாம விட்டிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.”

“எழுதாமத்தான் வச்சிருந்தேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் இன்னொருத்தன் ரெஜிஸ்டரைப் புரட்டறது?”

மேலதிகாரி ஏட்டை மூடினார், மறுபடி திறந்தார். ஆவண அறைச் சாவி மேசை இழுப்பறையில் கிடப்பது இருவருக்கும் தெரியும். அவர் இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார். இன்னும் மூன்று மாதம், காலை ஆய்வுகள் மட்டும், வாரத்தில் மூன்றே நாள், சாப்பிட்ட நேரத்தையும் ஆய்வறிக்கையிலேயே எழுதவேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கையெழுத்திட்டார். பாதி உத்தியோகம்தான். கையுறைக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் அந்த முட்டைக்கோஸ் உணவகத்துக்குப் போனார். சோதனை முடிந்ததும், ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, குளிரறை வாசலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அடுப்படி முழுவதும் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தலைமைச் சமையற்காரர் மெல்ல நடந்து வந்தார். டப்பா மூடியின் விளிம்பில் ஆட்காட்டி விரலை ஒரு சாண் தூரம் ஓட்டி, ஒன்றும் பேசாமல் அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினார். விரலில் எண்ணெய் மினுங்கியது.

கையுறைக்காரர் உற்றுப் பார்த்தார்.

“எழுதிக் குடுங்க” என்றார் வாயில் சோற்றோடு. “ஏழு நாள்ல சரி பண்ணிடறேன்.”