சூரியன்மேல் போட்ட பழி

நான் பொய் சொன்னேன். ஒரு மரண அறிவித்தலைக் காதால் கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்றேன். பழியைத் தூக்கிச் சூரியன்மேல் போட்டேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றிவளைத்துத் தொடங்கினால் நடுவழியில் எனக்கு நானே சாட்சி சொல்லித் தப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடமாவது வாய் திறக்கிறேன்.

நெடுந்தீவில் நான் விஞ்ஞான ஆசிரியன். ஆண்டு 1989. எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. வட்டாரத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரே வானொலி என்னுடையது. மற்ற இரண்டும் பற்றரி இல்லாமல் அலுமாரிகளின் மேல் தூசி பிடித்துக் கிடந்தன. என் பற்றரிகளும் கிழடுகள்தாம். காலையில் வெயிலில் காயப்போட்டு மத்தியானம் எடுத்து வானொலிக்குள் பூட்டினால், செய்தியும் மரண அறிவித்தலும் கேட்கும் அளவுக்கு உயிர் வரும். தெற்கில் கலகம்; தபால் ஒழுங்காக வருவதில்லை; தந்தியும் இல்லை. வெளியூரில் எங்கள் ஆள் ஒருவர் இறந்தால், அந்த அறிவித்தலில் கேட்டால்தான் உண்டு.

அதனால் மத்தியானம் என் வீட்டு விறாந்தையில் பத்துப் பேராவது கூடுவார்கள். பாக்கியம் தவறாமல் வருவாள். பக்கத்து வளவுக்காரி, தாய் தகப்பன் இல்லை, மணம் முடிக்கவில்லை. மாடு வளர்த்து, தோட்டம் செய்து, தம்பி நடேசனைப் படிப்பித்து ஆளாக்கியவள். அவனைக் கொழும்புக்கு அனுப்பியவன் நான்! அங்கே கடை வைத்திருந்த என் பழைய வகுப்புத் தோழனுக்குக் கடிதம் எழுதி வேலை எடுத்துக் கொடுத்தேன். காலம் சரியில்லை, இப்போது வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். நான் விட்டேனா? ‘நான் பொறுப்பு’ என்றேன். எத்தனை இலேசாக வந்தது அந்தச் சொல்...

சூரியன் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஒரு திங்கட்கிழமை, செய்தியின் நடுவே சிற்றலை முழுவதும் அடங்கிப் போயிற்று. எந்த நிலையமும் இல்லை, இரைச்சல்கூடக் குறைந்துவிட்டது. பற்றரி செத்துவிட்டது என்றார்கள். இல்லை, வானொலியின் சின்ன விளக்குக் குமிழ் எரிந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி திரும்பின.

எனக்கோ பெருமை தாங்கவில்லை! புத்தகத்தில் படித்தது கண்முன் நடக்கிறதே! விளக்கினேன். சூரியனில் பெரும் வெடிப்பு நேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளி எட்டு நிமிடத்தில் இங்கே வந்துவிடும். பகலாயிருக்கும் பக்கத்தில் வானின் மேலடுக்கைக் குழப்பும். அந்த அடுக்கு சிற்றலையை விழுங்கிவிடும். வெடிப்பு அடங்கினால் வானொலி திரும்பும்.

ஒளி மட்டுந்தானா வருகிறது என்று பாக்கியம்தான் கேட்டாள். அப்படிக் கேட்கக் கூடியவள் அவள். ஒளிக்குப் பின்னால் வேகமான மின்துகள்களும் வரும் என்றேன். சில ஒரு மணித்தியாலத்துக்குள், சில நாட்கணக்கில். மிச்சத்தைச் சொல்லவில்லை. பூமியின் காந்தம் அந்தத் துகள்களைத் துருவங்களை நோக்கித் திருப்பிவிடும், பூமியின் நடுப்பட்டியில் வாழும் நம் வானொலியை அவை தொடா என்பதுதான் அந்த மிச்சம். அதற்குள் சோறு ஆறிவிடும் என்று எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

புதன்கிழமை கோயிலில் அன்னதானம். விறாந்தையில் நான் மட்டும். வானொலி தெளிவாகக் கேட்டது. ஐயோ, எவ்வளவு தெளிவாக!

நெடுந்தீவைச் சேர்ந்த நடேசன் கொழும்பில் வீதி விபத்தில் காலமானார். உடல் வெள்ளிக்கிழமை மாலை வரை வைக்கப்பட்டிருக்கும். சகோதரி பாக்கியம் உடன் புறப்பட்டு வரவும்.

பிற்பகல் வள்ளத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ் பிடித்தால், மறுநாள் இரவுக்குள் அவள் கொழும்பு சேர்ந்திருப்பாள். அவன் முகத்தைப் பார்த்திருப்பாள்.

நான் எழும்பவில்லை. கதிரையிலேயே இருந்தேன். சற்று நேரத்தில் அவளே வந்தாள், எனக்கென்று வாழையிலையில் கட்டிய அன்னதானச் சோற்றோடு.

“அறிவித்தல் ஏதும் போச்சோ, மாஸ்டர்?”

“றேடியோ கேக்கேல்லை. சூரியன்தான்.”

“அண்டைக்கு அரை மணித்தியாலத்திலை வந்திட்டுதே?”

“அண்டைக்கு வந்தது ஒளி. இப்ப வாறது துகள்கள். அது பிந்தித்தான் வரும், ரண்டு மூண்டு நாளைக்கு நிக்கும்.”

அவள் தலையாட்டினாள். அவ்வளவு நம்பிக்கை! என் வகுப்பில் ஒருவரும் அப்படித் தலையாட்டியதில்லை. போனாள். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏன் மறைத்தேன்? இரக்கம் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன்... இரக்கமா? பயம்! ‘நீங்கள்தானே பொறுப்பெண்டனீங்கள்’ என்று அவள் கேட்டுவிடுவாளே என்ற பயம். வியாழன் விடியச் சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டு வாசல் படலை வரை போனேன். உள்ளே மாட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். வந்தவன் வானொலியின் பற்றரிகளைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வெள்ளியும் போயிற்று.

சனிக்கிழமை வள்ளத்தில் வந்த ஒரு வியாபாரி செய்தியைக் கொண்டுவந்தார். அதற்குள் என் தோழனே அங்கே கொள்ளி வைத்துவிட்டான். பாக்கியம் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. அதற்கு எனக்கு உரிமை இல்லை.

மாஸ்டரின் வானொலியில் சொல்லவில்லையா என்று செத்த வீட்டில் யாரோ கேட்டார்கள். அவள்தான் எனக்காகப் பதில் சொன்னாள்.

“மாஸ்டர் என்ன செய்வார்? சூரியனிலை வெடிப்பு. துகள் வந்து றேடியோவை மறிச்சுப் போட்டுது.”

நான் சொல்லிக் கொடுத்ததைப் பிசகாமல் சொன்னாள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு விஞ்ஞான சஞ்சிகை கைக்கு வந்தது. சூரியனிலிருந்து வரும் அந்தப் பெரும் துகள்மழைக்குக் காரணம் வெடிப்பின் பளிச்சீடு என்றுதான் நான் படிப்பித்து வந்தேன். அப்படியல்லவாம்! சூரியன் பெரும் மேகம்போல் கக்கும் பொருள், விரையும் வள்ளம் முன்னால் அலையை எழுப்புவதுபோல, அதிர்ச்சியலையை எழுப்பிக்கொண்டு பாய்கிறதாம்; அந்த அலைதான் துகள்களை விரட்டிவிடுகிறதாம். மறுநாளே கரும்பலகையில் திருத்தினேன். இதுவரை பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். எவ்வளவு இலகுவாக இருந்தது! அந்த இலகு தந்த துணிவில், பாக்கியத்திடமும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த வாரம் தைப்பொங்கல். செத்த வீட்டில் ஓராண்டு பொங்குவதில்லை, அது வழக்கம். ஆனால் ஆண்டுத் திவசம் கழிந்து எத்தனையோ தை வந்து போயும், அவள் முற்றத்தில் பானை ஏறவில்லை. காலையில் ஊரெல்லாம் பொங்கல் வெடிச் சத்தம் கேட்க, அவள் மேற்குப் பக்கம் பார்த்திருந்து மாட்டுக்குப் புல்லு உதறிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், இந்த முறையும் பொங்கவில்லையா என்று கேட்டேன்.

“சூரியனுக்கோ, மாஸ்டர்?” என்றாள். “என்ரை தம்பியின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்க விடாமல் பண்ணினவனுக்கு நான் பொங்கிப் படைக்கவோ? ஏலாது.”

சொல் நாக்கு வரை வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்கள் படிச்ச மனிசர். நீங்களே சொல்லுங்கோ, நான் செய்யிறது பிழையோ?”

“பிழையில்லை, பாக்கியம்” என்றேன்.