‘ஃபிட்’ என்று சொல்லிப் பழகியவர்கள்

திருமயிலை ஸ்டேஷனில் இறங்க வேண்டிய நான் அன்று இறங்கவில்லை. கதவருகே இருந்தவர்கள் இறங்கினார்கள், எனக்குக் கால் எழவில்லை. பறக்கும் ரயில் கடற்கரை வரை போய், அதே பெட்டியில் என்னை நான் ஏறிய வேளச்சேரிக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இதை எந்த டாக்டரிடம் என்னவென்று சொல்வது?

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்றில் நான் நர்ஸ். எங்களிடம் வருகிறவர்கள் கேட் திறக்கும் முன்பே வந்து, யாரும் சொல்லாமலே வரிசையில் நிற்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “ஃபிட்.” ரத்த அழுத்தம் எங்கேயோ எகிறியிருக்கும், ஆனால் ஆள் ஃபிட். முழங்கால் தேய்ந்து சுவரைப் பிடித்து நடக்கிறவர் ஃபிட். பட்டாசுச் சத்தம் தாங்காமல் தீபாவளிக்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறவரும் ஃபிட். உள்ளதை அவர்கள் வாயிலிருந்து பிடுங்குவதுதான் என் வேலை. பிடுங்கியதையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கூட வேலை பார்த்த இரண்டு பேர் விட்டுப் போனார்கள். ஆள் வரும், ஆள் வரும் என்றார்கள். வந்தது ஒரு பேச்சாளர். மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று எங்கள் சாப்பாட்டு இடைவேளையில் பேசினார். மூச்சை இழுத்து விடச் சொன்னார், விட்டோம். அதற்குள் வெளியே வரிசை தேனாம்பேட்டை சிக்னல் போல அடைத்துக்கொண்டு நின்றது. அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ரயிலில் கால் எழாதது மறுபடியும் நடந்ததும் எங்கள் மருத்துவ அதிகாரியிடம் போனேன். அவரும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்தான். எப்படி இருக்கிறீர்கள் சிஸ்டர் என்றார். என் வாய் தானாக, “ஃபிட், சார்” என்றது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்தப் பதிலை நம்பாமல் இருப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஒரு மாலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். சைதாப்பேட்டைக்காரர். லீவு போடப்போகிறேன் என்றதும் பிடித்துக்கொண்டார்.

“கையி காலு ஒடஞ்சா கீது? ஒண்ணும் இல்லாம சிக் ரிப்போர்ட் போனா எங்க யூனிட்ல அத்த டிமிக்கின்னுவாங்க.”

பற்றிக்கொண்டு வந்தது. திருப்பிக் கத்தத் தெம்பில்லாததால் பாத்திரம் தேய்த்தேன்.

கடைசியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அங்கேயும் வாய் முந்திக்கொண்டு நல்லா இருக்கேன் என்றது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“அது டியூட்டிக்கு. இங்க எதுக்கு?”

ரயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். எனக்கு வந்திருப்பது பர்ன் அவுட் (ஓய்வில்லாத வேலையால் மனமும் உடம்பும் வற்றிப்போவது), கூடவே ஆங்ஸைட்டி (காரணம் பிடிபடாத பதற்றம்) என்றார். லீவு, சிறிய அளவில் மாத்திரை, வாரம் ஒருமுறை கவுன்சலிங் (மனதில் இருப்பதைப் பேசித் தெளியும் சிகிச்சை). உங்களுக்கும் இப்படி இருந்தால், தண்ணீர் நிறையக் குடி, கோயிலுக்குப் போய் வா என்கிறவர்களிடம் சரி சரி என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அடுத்த முறை கணவரையும் அழைத்துவரச் சொன்னார். என்னைக் கொண்டுவிட மட்டும் வந்ததாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து விறைப்பாக உட்கார்ந்தார். எனக்கு ஓய்வு ஏன் தேவை என்று விளக்கிவிட்டு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவரையும் டாக்டர் கேட்டார்.

“ஃபிட், மேடம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ராத்திரியில் நான் எப்போது விழித்தாலும் இவர் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ராணுவப் பழக்கம் என்று விட்டிருந்தேன்.

“இவர் தூங்கிப் பல வருஷம் ஆச்சு டாக்டர்” என்றேன்.

அவர் மறுக்கவில்லை.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன், அரை நாள்தான். முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். உடம்பு இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மந்தைவெளி வரும்போது தோள் இறுகினால், இறங்கி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அடுத்த ரயிலில் போகிறேன். இரண்டு ரயிலுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளி முன்பெல்லாம் எனக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் முகங்களாகத் தெரியும். இப்போது அது அடுத்த ரயில் வருவதற்கான நேரம், அவ்வளவுதான்.

போன வாரம் நான் கிளம்பும்போது கணவர் நாற்காலியிலிருந்து கேட்டார்.

“இன்னா கலா, எப்டி கீற?”

“சரியில்லங்க” என்றேன்.

டிமிக்கி என்பார் என்று காத்திருந்தேன். அவர் பூட்ஸ் கயிறு கட்டுவதை நிறுத்தியிருந்தார்.

“எனுக்கும் சரியில்ல” என்றார்.

பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்து அவர் டியூட்டிக்குத் தாமதமாகப் போனது அன்றைக்குத்தான்.