அசல் தோல் போர்த்திய பென்டிரைவ்

பென்டிரைவை முகர்ந்து பார்த்து வாங்குகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அந்தப் பாக்கியம் உண்டு. எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியின் மேனேஜர் இக்பால் பாய்.

போன வாரம் சென்னைக்குப் போனவர், ஒரு நடைபாதைக் கடையிலிருந்து பென்டிரைவோடு திரும்பினார். பிளாஸ்டிக் இல்லை, தோல் உறை. அதன்மேல் எட்டு ஜிபி என்று தங்க எழுத்து. கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவள் நான் என்பதால், என்னிடம் பெருமையாக நீட்டினார்.

விலை கேட்டேன். சொன்னார். பில் போடுகிற கடையில் அந்த விலைக்கு ஒரு ஜிபி கிடைத்தாலே பெரிது.

"சந்தேகமா இருக்கு பாய்."

"இன்னாம்மா சந்தேகம்? மோந்து பாரு. நகத்தால கீறிப் பாரு. அசல் ஆட்டுத்தோல்மா! ரெக்ஸின் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் பென்டிரைவுக்குள் இருப்பது ஆடு இல்லையே...

எனக்கு எதற்கும் பட்டியல் வேண்டும். பென்டிரைவுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். விலை ரொம்பக் கம்மி என்றால் நகர்ந்துவிடு. பில் இல்லாமல் வாங்காதே. வாங்கியதும் வாய்வரை நிரப்பு. கழற்றி, மறுபடி செருகி, கடைசியாகப் போட்ட ஃபைலைத் திறந்து பார். நான்கையும் பாயிடம் ஒப்பித்தேன்.

"பேஜார் பண்ணாதம்மா" என்று சொல்லிவிட்டு, அதை நேராக ஷபானாவிடம் அனுப்பிவிட்டார்.

ஷபானா எங்கள் பேரணாம்பட்டு யூனிட்டின் புது டிசைனர். கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவள். வரையத் தெரிந்தவள் என்று மேலே கொண்டுவந்திருந்தார்கள். இந்த முறை ஷூ ஆர்டர் கொடுக்க வரும் ஜெர்மன் பையருக்கு அவள் வரைந்ததில் ஒரு மாடலாவது பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி கட்டிங் செக்‌ஷன்தான். பாய் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

பையர் வரும் நாளன்று காலையில், பேரணாம்பட்டு கம்ப்யூட்டரில் இருந்த தன் படங்கள் அத்தனையையும் – பாய் வேண்டாம் என்று தள்ளிய பழசு முதல், முந்தின நாள் முடித்த புதுசு வரை – அந்த வரிசையிலேயே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, பஸ் பிடித்து வந்தாள்.

"தெறந்து பாத்தியா?"

"பாத்தேங்கா. மொத படம் சூப்பரா வந்துச்சு."

"கடைசிப் படம்?"

"பஸ் வந்துடுச்சுக்கா."

ஷோரூமில் பையரான ஜெர்மன் அம்மையார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாய். நான் பென்டிரைவைச் செருகினேன். எல்லா ஃபைலின் பெயரும் வந்து நின்றது. புதுசில் ஒன்றைத் திறந்தேன்... வரவில்லை. அடுத்தது? வரவில்லை. அதற்கடுத்தது? ம்ஹும்.

போலி பென்டிரைவின் தொழிலே இதுதான். உள்ளே இருப்பது ஒரு ஜிபி இடம். கம்ப்யூட்டரிடமே எட்டு என்று பொய் சொல்லும். எட்டுப் பெட்டிக்கு டிக்கெட் விற்றுவிட்டு, ஒரு பெட்டியை மட்டும் ஓட்டுகிற ரயில் மாதிரி. முதலில் ஏறியவர்களுக்கு சீட். மற்றவர்களுக்குப் பெயர் மட்டும் சார்ட்டில் இருக்கும்!

படங்களை மெயிலில் அனுப்பச் சொல்லிப் பேரணாம்பட்டுக்குப் போன் போட்டோம். அங்கே கரண்ட் இல்லை. அம்மையாருக்கோ சாயந்திரம் சென்னையில் விமானம்.

"அக்கா, நாளைக்கே கத்திய எடுத்துக்கணுமா?" என்று ஷபானா என் காதில் கேட்டாள். உதட்டில் சிரிப்பு, கண்ணில் இல்லை.

"எதுனா ஒண்ணு தெறக்குதா பாரும்மா!" – இது பாய்.

திறந்தது. முதலில் ஏறிய பழைய படங்கள்.

"ஐயோ, அது வேணாம்மா!" என்று அவர் பல்லைக் கடிப்பதற்குள் திரை முழுக்க ஒரு ஷூ. பக்கவாட்டில் இலை இலையாக வெட்டுவேலை. போன மாதம் அதைப் பார்த்துவிட்டு, "இது ஷூவா, ஜன்னலா?" என்று பாய் கேட்ட அதே ஷூ.

அம்மையார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பாய் இமைகூடக் கொட்டவில்லை. "ஸ்பெஷல் மேடம்! கடைசியில் காட்ட வைத்திருந்தோம்."

ஷபானா மேஜைக்கடியில் என் காலை ஓங்கி மிதித்தாள். அதற்குச் சாம்பிள் கேட்டுவிட்டு அம்மையார் கிளம்பும்வரை காலை எடுக்கவும் இல்லை.

கார் போனதும் பாய் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா? எதைக் காட்டணுமோ அதை மட்டும் காட்டுச்சு என் பென்டிரைவ்!"

"அதை வேணாம்னு தள்ளினது யாரு பாய்?" என்றாள் ஷபானா, வெகு பணிவாக.

பாய்க்கு அவசரமாக டீ குடிக்கத் தோன்றிவிட்டது.

இதைப் படித்துவிட்டு நடைபாதைக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். உங்கள் கல்யாணப் படங்கள் காணாமல் போகும்போது, மிச்சமிருப்பதை ரசிக்க ஜெர்மனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வாய்வரை நிரப்பிப் பாருங்கள். முக்கியமானது என்றால் இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஷபானா டிசைனராகவே இருக்கிறாள். கம்பெனிக்குப் பில்லோடு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பென்டிரைவ் வாங்கிவிட்டேன். பாய் அதை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

பழசு இப்போது அவருடைய ஸ்கூட்டர் சாவியில் தொங்குகிறது. சும்மா சொல்லக்கூடாது... தோல் அசல்தான்!