கதிரையில் ஒரு ஹான்ட்பாக்

போன சனிக்கிழமை ஒரு ஹான்ட்பாக் என் நாடகத்தைக் கெடுத்தது.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குளிர் நகரத்தில், அஜின்கோர்ட் பக்கம், கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் பின்பக்க மண்டபம். கடைசி ஒத்திகை. மறுநாள் மேடையேற்றம்.

என்ன நாடகமா? நானே எழுதியது என்பதால் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். 'டிஸ்டோப்பியா' என்கிறார்களே... எல்லாம் கெட்டுப்போன ஒரு வருங்காலத்தில் நடக்கும் கதை, அந்த வகை. என் நகரத்தில் யாரும் யாரோடும் பேசக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறை எல்லோரையும் மண்டபத்தில் கூட்டி, ஒவ்வொருவராக எழுப்பி, ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைப்பார்கள்: "எனக்கு ஒருவரும் இல்லை." சொன்னால் வீட்டுக்குப் போகலாம். நாயகி மட்டும் சொல்ல மறுப்பாள். திரை விழும்.

எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. நாயகியாக நடிக்கும் தரணிக்குத்தான் அந்தக் காட்சி வரவில்லை.

தரணி யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பிள்ளை. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்ட் அறை. கொலிஜ் இல்லாத நாட்களில், நகரத்தின் மறுகரையில் மிசிசாகாவில் வெயர்ஹவுஸ் வேலை. பஸ் மாறி மாறி ஒத்திகைக்கு வருவாள், ஒரு நாளும் பிந்தியதில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் "சொல்லமாட்டேன்" என்பதை, கடையில் பை வேண்டாம் என்பதுபோலச் சொல்வாள்.

"கோவமாச் சொல்லும் தரணி!" என்றேன், அதற்கு முந்தின கிழமை ஒத்திகையில்.

"சொல்லுறன் அன்ரி. ஆனா ஒண்டு கேக்கட்டே? அவளுக்கு உண்மையாவே ஒருத்தரும் இல்லைத்தானே. பிறகு ஏன் சொல்லமாட்டன் எண்டு நிக்கிறாள்?"

"அவள் நாயகி. அதுதான்."

ஒரு நாடகாசிரியர் இதைவிட மோசமாகப் பதில் சொல்ல முடியுமா? அதோடும் நான் நிற்கவில்லை. சனிக்கிழமையும் சரிவராவிட்டால், வசனம் பாடமாக்கி வைத்திருக்கும் இன்னொருத்திக்கு வேடம் போய்விடும் என்றேன். தரணியின் முகம் சுண்டிப்போனது.

"நான் விடமாட்டன் அன்ரி."

பாருங்கள், அதை மட்டும் சரியான குரலில் சொன்னாள்!

அதிகாரி வேடத்தில் பாலன் அண்ணை. வீடு விற்கும் ஏஜென்ட். சத்தம் போடச் சொன்னால் அவருக்கு வராது. "தங்கச்சி, அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ. ஆனா இண்டைக்கே சொன்னா உங்களுக்குத்தான் நல்லம்" என்று, வீடு காட்டும் அதே குரலில் கேட்பார். கேட்கும் எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவ்வளவு பயம்.

மற்றவர்கள் குடிமக்கள். கதிரைகளில் அசையாமல் இருக்க வேண்டும், யாரையும் பார்க்கக்கூடாது. அவர்களில் ஒருவர் செல்வி அக்கா. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். ஹான்ட்பாக்கை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "கார்த் திறப்பு, போன் எல்லாம் உதுக்குள்ளைதான். உதை ஆரிட்டைக் குடுக்கிறது?" என்று பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டார்.

நம்மவர் கலியாணத்துக்கோ அரங்கேற்றத்துக்கோ போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதிரையில் ஹான்ட்பாக் இருந்தால், 'ஆள் வருது' என்று அர்த்தம். மந்திரி வந்தாலும் அதில் இருக்க முடியாது.

சனிக்கிழமை, கடைசிக் காட்சி. தரணி நடுமேடையில் நிற்கிறாள். பாலன் அண்ணை அந்த வாக்கியத்தைக் கேட்கிறார். அவள் வாய் திறக்கவில்லை. நேரம் போகிறது... பிள்ளை எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று செல்வி அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஹான்ட்பாக்கை எடுத்து மடியில் வைத்தார். காலியான கதிரையைக் கையால் தட்டினார்.

"வாரும் பிள்ளை. இதிலை இரும்."

மண்டபமே சிரித்தது. எனக்கு வந்த கோபம்! கத்துவதற்கு எழுந்தேன். தரணி கையைக் காட்டி என்னை மறித்தாள். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாலன் அண்ணையிடம் திரும்பினாள்.

"சொல்லமாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பாலன் அண்ணை ஓர் அடி பின்னால் போனார். அது நான் எழுதாதது.

"அக்கா இடம் விட்டிட்டா அன்ரி," என்றாள் தரணி. "இனி ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னா, அது பொய். இப்பதான் அவள் மறுக்கிறதுக்கு ஒரு காரணம் வந்திருக்கு. ஹான்ட்பாக் இல்லாட்டி நாளைக்கு நான் நடிக்கேல்லை."

வேடத்தைப் பறிப்பேன் என்று மிரட்டியவள் நான். இப்போது மிரட்டுவது யார்?

இந்த வகைக் கதைகளை ஒரு காலத்தில் வெறிபிடித்து வாசித்திருக்கிறேன். தனி ஆளாக ஓடி, தனி ஆளாக எதிர்த்து நிற்கும் நாயகர்கள்தான் நினைவில் இருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், அவர்களில் ஒருவர்கூடத் தனியாக மாறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட ஒரு கேள்வி, கூட இருந்தவன் செய்த துரோகம்... ஏன், மரியாதையாகப் பேசி வெருட்டும் அதிகாரிகூட அவர்களை வளர்க்கிறான். இவர்களை எல்லாம் 'துணைப் பாத்திரம்' என்று ஓரத்தில் இருத்திவிட்டு, தைரியத்தை நாயகியின் பிறவிக்குணமாக எழுதி வைத்தவள் நான்.

இன்னொன்றும் உறைத்தது. இந்த நகரத்தில் ஒருவரையும் தெரியாத ஒரு பிள்ளையை, கிழமைக்குக் கிழமை அந்த வாக்கியத்தின் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டு, புதிதாக எழுதினேன். ஹான்ட்பாக்குடன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. செல்வி அக்கா கதிரையைத் தட்டியதும் சனம் சிரித்தது. தரணி அந்தக் கதிரையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு ஓய்ந்துபோனது. "சொல்லமாட்டேன்" என்று அவள் சொல்ல, பின்வரிசையிலிருந்து யாரோ ஓர் அம்மா எழும்பி, "ஓம் பிள்ளை, சொல்லாதையும்!" என்றார். நான் அழுதுவிட்டேன்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தரணி பஸ் தரிப்பை நோக்கி நடக்க, செல்வி அக்கா காரை அவளருகே கொண்டுபோய் நிறுத்தினார். முன்சீட்டில் இருந்த ஹான்ட்பாக்கைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்.

"உந்தக் குளிருக்குள்ளை எங்கை போறீர்? ஏறும்."

தரணி ஏறினாள். கார் போய்விட்டது.

பின்சீட்டில் ஹான்ட்பாக் இருந்தபடியால், அதே காரில் வர நினைத்திருந்த நாடகாசிரியர் பஸ்ஸில் வந்தார்.