மாவுக்கட்டோடு மேப் பார்த்த ஞாயிறு

சிம்மக்கல் பிரவுசிங் சென்டர் ஏசியில் ஈரத்துணி வாசனை அடிக்கும்... அதோடு என் கால் மாவுக்கட்டு வாசனையும் சேர்ந்து இன்னமும் மூக்கிலேயே நிற்கிறது.

அப்போது எங்கள் திருநகர் சைக்கிள் கிளப்பில் நான்தான் நம்பர் ஒன். லாரியை முந்தும்போது கால் முறிந்தது. கோழிக்கு ஒதுங்கி நான் விழுந்ததாகச் சொல்வாள் வீட்டுக்காரி. நம்பாதீர்கள்.

அந்த ஞாயிறு டி. கல்லுப்பட்டிக்கு ரைடு. நான் இல்லாத முதல் ரைடு. என் சைக்கிளில் மச்சினன் பாண்டி போனான்.

“ஒரு கீறல் விழாம கொண்டு வாரேன் மச்சான்.”

சைக்கிளுக்காகவா பயந்தேன்? நான் இல்லாமலும் கிளப் ஜோராக ஓடிவிட்டால்...?

திருநகரில் கரண்ட் இல்லை. ரைடை கம்ப்யூட்டரில் பார்க்க, வீட்டில் சொல்லாமல் ஆட்டோ பிடித்து சிம்மக்கல் பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டேன்.

போகிற இடத்திலிருந்தெல்லாம் கிளப் செக்ரட்டரி தன் போனில் ஒரு வரி எழுதி, மேப்பில் ஒரு புள்ளி வைப்பார். கம்ப்யூட்டரில் புதுச் செய்திகள் வரிசையாக வரும் ஃபீடில் அது தானாக வந்து விழும். ஃபீட் என்றால் என்னவென்று மதுரையிலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னொருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

திருமங்கலம்: “டீ சாப்பிட்டோம்.”
கல்லுப்பட்டி: “வந்தாச்சு. செம காத்து.”

என் பெயர் எங்கேயும் இல்லை.

அப்புறம் ஒன்றுமே வரவில்லை. கட்டுக்குள் கால் வேறு அரித்தது. ரெஃப்ரெஷ்... ரெஃப்ரெஷ்...

“அண்ணே, மவுச விடுங்கண்ணே, கழண்டு கையோட வந்துரும்” என்றார் சென்டர்காரர்.

திடீரென்று புதுப் புள்ளி. திருநகர். பெரிதாக்கிப் பார்த்தேன்... எங்கள் தெரு. எங்கள் வீடு!

“நம்ம நம்பர் ஒன்னைப் பாக்க வந்தோம். ஆளைக் காணோம்.”

உடனே வீட்டுக்காரி போன். “காலு ஒடிஞ்சும் ஒரு எடத்துல இருக்க மாட்டீங்களா? அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்திருக்காங்க!”

பின்னாலிருந்து பாண்டி கத்தினான். “மச்சான், இட்லி தீரப்போகுது, வெரசா வாங்க!”

அன்று நான் நொண்டிய வேகத்துக்கு டவுன் பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டது.

இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிட்டது. லைவ் லொகேஷனில் பாண்டி கோயம்புத்தூரில் ஊர்கிறான், செக்ரட்டரி சென்னையில் மகள் வீட்டில் நிற்கிறார். நேற்றும் மேப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்... ஒரு புள்ளிகூட எங்கள் தெருப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் வீட்டில்தான் இருக்கிறேன்ப்பா. எங்கேயும் போவதில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்...