கேட்டுவிட்டேன் என்றேன்

நான் பொய் சொன்னேன். என்னை நம்பி உண்ண உட்கார்ந்தவளிடம், அவள் மார்க்கம் சம்பந்தப்பட்ட விஷயத்தில், கூசாமல் பொய் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு என்னைத் தெரியாது என்கிற துணிச்சலில்.

திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். பணி ஓய்வோ பிறந்தநாளோ, ஓட்டல் விருந்து என்றால் ஏற்பாடு என்னுடையது. யாரும் சுமத்தியதல்ல, நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஒரு வாரம் முன்பே மேசைக்குச் சொல்லிவிடுவேன். என்னென்ன உணவு என்பதையும் முடிவு செய்துவிடுவேன். பதினான்கு பேர் உட்கார்ந்து பதினான்கு விதமாகக் கேட்டு, ஒருவருக்கு வந்து ஒருவருக்கு வராமல்... அந்த வம்பே கிடையாது! விழுப்புரம் போகிறவர்களுக்குப் பேருந்து தவறக்கூடாதென்று ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுவேன். "தனம் ஏற்பாடுன்னா தலவலியே இல்லப்பா" என்பார்கள். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு அடிமை என்பது பிறகுதான் எனக்கே விளங்கியது.

ரஹ்மத் என் எதிர் மேசைக்காரி. தினமும் கோட்டக்குப்பத்திலிருந்து வருவாள். கணவர் துபாயில் வேலை செய்கிறார். எங்கள் விருந்து ஒன்றையும் அவள் தவறவிட்டதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் தயிர்சாதம்தான். முறைப்படி அறுத்த கறி என்று தெரியாவிட்டால் தொடமாட்டாள். அதற்காக முகம் சுளிக்கவும் மாட்டாள். நாங்கள் எலும்பைக் கடித்துக்கொண்டிருப்போம். அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு எங்களோடு சிரித்துப் பேசுவாள்.

போன வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. விருந்தே அவளுக்காகத்தான்! புறவழிச்சாலையில் புதிதாகத் திறந்த ஓட்டலைப் பிடித்தேன். மட்டன் பிரியாணி, சுக்கா, பொரித்த கோழி. "இந்த வாட்டி நீயும் கறி சாப்புடுற. நான் அவங்களாண்ட கேட்டு வெச்சிடுறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

கேட்கவில்லை.

மறந்துவிட்டேன் என்றால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். நான் மறக்கவில்லை. மேலாளரிடம் மூன்று முறை பேசினேன். தனி அறை கிடைக்குமா என்றேன், கேக் வெட்டக் கத்தி தருவீர்களா என்றேன். இந்தக் கேள்வி மட்டும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. 'இல்லை' என்று சொல்லிவிட்டால்? வேறு ஓட்டல் தேட வேண்டும். எல்லோருக்கும் மறுபடி சொல்ல வேண்டும். என் ஏற்பாடு குலைந்துவிடும்... அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்று மாலை பிரியாணி வந்தது. ரஹ்மத் தட்டில் கை வைக்காமல் என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா... கேட்டுட்டீங்கல்ல?"

"கேட்டுட்டேன்டி. எல்லாம் ஹலால்தான். ஆறிப்போவுது, ஜல்தி சாப்புடு."

ஒரு நொடிகூட நான் தடுமாறவில்லை!

அவள் "பிஸ்மில்லா" என்று இறைவன் பெயரைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். சுக்காவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். "இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான்க்கா உங்ககூட ஒண்ணா சாப்ட்ட மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆம், மகிழ்ச்சி! இன்றும் என்னால் சகிக்க முடியாதது அதுதான்.

பிறகு எத்தனை சமாதானங்கள்... ஆட்டுக்கறி பாய் கடையிலிருந்துதான் வந்திருக்கும். கோழி? அதுவும் அப்படித்தான் இருக்கும். தெரியாமல் உண்டவர்மேல் குற்றமில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு ஒருநாள் நிம்மதியாகத் தூங்கினேன். அப்படியானால் உண்ணச் சொன்னவள்மேல்?

என் பேருந்து தினமும் அந்த ஓட்டலைக் கடந்துதான் போகிறது. இறங்கி ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். ஒரு வருடமாக நான் இறங்கவில்லை. நல்ல பதில் வந்தாலும் நான் பொய் சொன்னவள்தான். கெட்ட பதில் வந்தால் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ரஹ்மத் தொலைபேசியில் அழைத்தாள். கணவர் ஊருக்கு வந்திருக்கிறாராம். அவரையும், ஹஜ் முடித்து வந்த மாமியாரையும் கூட்டிக்கொண்டு அதே ஓட்டலில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமி வெளியில எங்கியும் கை நனைக்க மாட்டாங்கக்கா. கடக்காரங்களக் கேளுன்றாங்க. எதுக்கு மாமி, எங்க அக்காதான் எப்பவோ கேட்டுட்டாங்களேன்னு சொன்னேன். ஸ்பீக்கர்ல போட்டுக்கினு இருக்கேன், நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க."

எதற்கும் கடைக்காரரையே கேட்டுக்கொள் என்றிருக்கலாம். அது ஒரே வரி. சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது... மறுமுனையில் மூவரும் காத்திருந்தார்கள்.

"கேட்டுட்டேங்கம்மா. தாராளமா சாப்புடுங்க."

"அல்லா உன்ன நல்லா வெக்கட்டும்மா" என்றது ஒரு முதிய குரல்.

அழைப்பைத் துண்டிக்க ரஹ்மத் மறந்துவிட்டாள். நானும் துண்டிக்கவில்லை. தட்டுகள் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அந்த அம்மா மெதுவாக "பிஸ்மில்லா" என்று சொன்னது கேட்டது.